தெற்கத்தி கிடார்கள் – 7: தீக்குச்சிக் கரியில் ஒரு பாட்டு

லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த தம்பிக்கு போன் போட்டு "கிளம்பி வா" என்று அண்ணன் டுவேன் ஆல்மன் கூப்பிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தம்பி வந்தாரா?

வந்தார். 1969 மார்ச் 26, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். கிரெக் ஆல்மன் உள்ளே நுழைந்தபோது ஐந்து பேர் தயாராக இருந்தார்கள். கிடாருக்கு டுவேனும் டிக்கி பெட்ஸும், பேஸுக்கு பெர்ரி ஓக்லி, டிரம்ஸுக்கு இரண்டு பேர்: புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ. ஜெய்மோ கறுப்பினத்தவர். அன்றைய தென் மாநிலங்களில் இப்படிக் கலந்து மேடையேற நெஞ்சுரம் வேண்டும். எல்லாம் இருந்த அந்தக் குழுவில் பாடவும் பாட்டு எழுதவும்தான் ஆள் இல்லை.

கிரெக்கிடம் இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆயின. தேறியவை இரண்டே இரண்டு. இனி புதிதாக எழுதியே தீர வேண்டும்.

அடுத்த சில நாட்களில் ஓர் இரவு. படுத்திருந்தவரின் தலைக்குள் ஒரு பாட்டு வந்து நின்றது. எழுந்து இருட்டில் துழாவினார். பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. விடிவதற்குள் மறந்துவிடுமே! கையில் அகப்பட்டது தீப்பெட்டி. குச்சியைக் கிழித்து, அணைத்து, அந்தக் கரியால் இஸ்திரி மேஜையின் துணியிலேயே வரிகளைக் கிறுக்கி வைத்தார். இது கிரெக்கே பின்னாளில் சொன்ன கதை. காதலியிடம் ஏமாந்து, சாட்டையடிக் கம்பத்தில் கட்டப்பட்டவனாகத் தன்னை உணரும் ஒருவனின் கதறல் அது. பாட்டின் பெயர் 'விப்பிங் போஸ்ட்'.

பாட்டின் தொடக்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், தாளம் போடப் போனால் கை தடுமாறும். தகிட தகிட தகிட தக. மூன்று மூன்றாக ஒன்பது, கடைசியில் இரண்டு, ஆகப் பதினொன்று. ராக் இசை நாலு நாலாக நடந்து பழகியது. பன்னிரண்டாவது தட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு அது கிடைப்பதே இல்லை. அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். சரணத்துக்குள் நுழைந்த பிறகுதான் தாளம் சீராகிறது.

இந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது? இங்கேதான் சாட்சிகள் முரண்படுகிறார்கள்.

கிரெக்கின் வாக்குமூலம் இது. பாட்டை வாசித்துக் காட்டியதும், "உனக்குப் பதினொன்றின் கணக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாதே" என்கிற ரீதியில் டுவேன் வியந்தாராம். "அது என்ன கணக்கு?" என்று தம்பி விழித்தாராம். அண்ணன்தான் எண்ணிச் சொல்லிக் கொடுத்தாராம்.

புட்ச் டிரக்ஸ் சொல்வது வேறு. கிரெக் கொண்டுவந்தது மெதுவாக நகரும் சோகமான ப்ளூஸ். அதைக் கேட்ட ஓக்லி அன்றைய ஒத்திகையையே நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் திரும்பியபோது அந்த உறுமும் பேஸ் தொடக்கம் அவர் விரல்களில் இருந்தது.

யாரை நம்புவது? பாட்டு கிரெக் பெயரில் மட்டுமே பதிவாகியிருக்கிறது. ஆனால் இசைத்தட்டில் ஊசியை வைத்தால் முதலில் கேட்பது ஓக்லியின் பேஸ்தான். வலி ஒருவருடையது, நடை இன்னொருவருடையது என்றே எனக்குப் படுகிறது.

ஆகஸ்டில் நியூயார்க்கின் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் முதல் ஆல்பம் பதிவானது. தயாரிக்க வேண்டிய டாம் டவுட் வேறு வேலையில் சிக்கிக்கொள்ள, ஏட்ரியன் பார்பர் பொறுப்பேற்றார். இரண்டே வாரத்தில் முடித்தார்கள். கடைசிப் பாட்டாக 'விப்பிங் போஸ்ட்', ஐந்து நிமிடம் சொச்சம். நவம்பரில் ஆல்பம் வெளிவந்தது.

விற்கவில்லை.

குழுவினர் துவளவில்லை. வேனில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். மேடைக்கு மேடை அந்தப் பாட்டு வளர்ந்துகொண்டே போனது. 1971 மார்ச், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கு. இம்முறை ஒலிப்பதிவைக் கவனிக்க டாம் டவுடே வந்திருந்தார். ஓக்லியின் பேஸ் உறுமியது. ஐந்து நிமிடம் கடந்தது. பத்து நிமிடம் ஆனது. பாட்டு முடிகிற வழியைக் காணோம். இருபத்து மூன்று நிமிடம் ஓடி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அது விழுங்கியது.

கூடுதலாக வந்த அந்தப் பதினெட்டு நிமிடங்களில் ஆறு பேரும் என்னதான் செய்தார்கள்? அதைவிடப் பெரிய கேள்வி: அந்த ஆல்பம் வெளிவந்த சில மாதங்களில், மேக்கன் நகரத் தெருவொன்றில் மோட்டார் சைக்கிளில் போன டுவேனுக்கு என்ன நேர்ந்தது?

(தொடரும்)