பன்னிரண்டுக்குள் அடங்காத சுரங்கள்

புலம்பெயர் நாடுகளில் கர்நாடக சங்கீதம் பயிலும் எமது பிள்ளைகள் பலர் இப்போது கைபேசிச் செயலியில்தான் சுருதி பார்க்கிறார்கள். தம்புராவோடு இணங்கி நிற்கும் அந்தர காந்தாரத்தைச் செயலி 'குறைவு' என்று காட்டும். பிள்ளையும் சுரத்தை ஏற்றிவிடும். அந்த இடத்தில் பெரும்பாலும் பிள்ளையின் காதே சரி. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

ஷட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வுகள் என்று வைப்போம். 3/2 விகிதத்தில் பஞ்சமம் 360. 5/4 விகிதத்தில் அந்தர காந்தாரம் 300. இவை இயல்பான இணக்கங்கள். ஆனால் பஞ்சமம் பஞ்சமமாகப் பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயியில் முடிவதில்லை. 128 மடங்கு வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 மடங்கு வருகிறது. இந்த மிச்சத்தை எல்லாச் சுரங்களுக்கும் பங்கிட்டு, ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்கியதே கீபோட்டின் சுருதி. அதில் பஞ்சமம் 359.6, குறை சொல்ல முடியாது. காந்தாரமோ 302.4. அசையாமல் நிறுத்திப் பாடும்போது அந்த வேறுபாடு காதில் உறுத்தும். செயலி அளப்பதும் இந்த அளவுகோலால்தான்.

கூறுகளைக் கூட்டினால் என்ன? தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' நூலில் 24 சம சுருதிகளை வலியுறுத்தினார். ஆனால் 24 கூறிலும் 300க்கு மிக அருகே கிடைப்பது அதே 302.4தான். எண்ணிக்கை கூடுவது மட்டும் போதாது; கூறுகள் விழும் இடமும் பொருந்த வேண்டும். 31 சமகூறுகளில் காந்தாரம் 300.1, ஆனால் பஞ்சமம் 358.9 ஆக இறங்குகிறது. 53 கூறுகளில் பஞ்சமம் 359.99, காந்தாரம் 299.8. 7/4 விகிதத்தில் வரவேண்டிய 420கூட 421.2 ஆகக் கிட்ட வருகிறது. பன்னிரண்டில் அது 427.6. இங்கிலாந்தில் பொசன்கே 1870களில் 53 கூறு ஆர்மோனியம் செய்வித்தார். ஃபொக்கர் வடிவமைத்த 31 கூறு ஓர்கன் 1950இல் நெதர்லாந்தில் இயங்கத் தொடங்கியது.

எமது மரபில் இக்கேள்வி பழையது. சிலப்பதிகார மரபில் ஏழு சுரங்களுக்கும் 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகள். அவற்றைச் சமமாக எடுத்தால் பஞ்சமம் 361.5 ஆகிக் கெட்டுவிடும். விபுலாநந்த அடிகள் அலகுகளை எண்விகிதங்களால் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அவர் பிறந்தது கிழக்கின் காரைதீவில். எமது காரைநகரின் பழைய பெயரும் காரைதீவே.

காரைநகரில் பிறந்த எனக்கு ஈழத்துச் சிதம்பரத்தின் திருவெம்பாவைக் கால நாதஸ்வரமே சுருதியைக் காட்டித் தந்தது. அதன் ஏழு துளைகளிலிருந்து எந்த நுண்சுரத்தையும் மூச்சும் உதடும் விரலும் எடுத்துத் தரும். அதற்கு 53 கட்டைகள் வேண்டாம். பழகிய காது வேண்டும். அந்தக் காது குருவின் அருகிருந்து வருவது. 1991 இடப்பெயர்வோடு அந்த அருகாமை எங்களில் பலருக்கு அறுந்தது. போன இடங்களில் குருவுக்கு முன்னே கையில் கிடைத்தது கீபோட்.

கீபோட்டை வீசிவிடச் சொல்லவில்லை. சில கீபோட்களில் ஒவ்வொரு சுரத்தையும் தனியே ஏற்றி இறக்கலாம். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் காந்தாரத்தை 14 பங்கு இறக்குங்கள். ஷட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றினால் இதையும் மாற்றிச் செய்ய வேண்டும். அதைவிட எளிய வழி, செயலியின் முள்ளை மூடிவைத்து, தம்புராவை மட்டும் ஒலிக்கவிடுவது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் ஷட்ஜத் தந்திக்குள்ளேயே காந்தாரம் மெல்லக் கேட்கும். பிள்ளை அதோடு சேர்ந்து பாடட்டும்.