பாம்பே டோஸ்ட்டின் பழுப்பு நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைக்காதவர் தென்மாவட்டங்களில் அரிது. 2019ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. அதைச் சுவைக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்ததுண்டா? அதில் சேர்பவை பாலும் சர்க்கரையும்தாம். இரண்டும் வெள்ளை. அப்படியானால் அந்த இளம் பழுப்பு எங்கிருந்து வந்தது?

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில், காலைச் சிற்றுண்டித் தட்டு ஒன்றைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்கலாம். முட்டை, பால், சர்க்கரை மூன்றையும் அடித்துக் கலந்து, ரொட்டித் துண்டை அதில் நனைத்துக் கல்லில் போட்டு எடுப்பதை நாம் பாம்பே டோஸ்ட் என்கிறோம். ஆங்கிலேயர் பிரெஞ்சு டோஸ்ட் என்பர். பிரெஞ்சுக்காரரோ ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்ற பொருளில் வழங்குகின்றனர். அதுவே பொருத்தமான பெயர். காய்ந்து இறுகிய ரொட்டியை எறிந்துவிடாமல் உண்பதற்குக் கண்ட வழியல்லவா இது! ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் முறை, அப்பீசியஸ் என்னும் பண்டை ரோமானியச் சமையல் நூலிலேயே இருக்கிறது.

இதைக் கல்லில் சுடாமல் அச்சில் சுட்டால் என்ன? மேலைநாடுகளில் வாஃபிள் என்ற பலகாரத்தை வார்க்கும் இரும்பு அச்சில் நனைத்த ரொட்டியை வைத்து மூடிச் சுடுவோர் உண்டு. அந்த அச்சின் வரலாறு நீண்டது. நீண்ட கைப்பிடிகள் கொண்ட இரு இரும்புத் தகடுகளை இடுக்கிபோல் இணைத்து, நடுவே மாவை வைத்து, நெருப்பில் காட்டிச் சுடும் வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் இருந்தது. தகடுகளில் வெட்டிய கட்டங்கள் தேன்கூடு போன்ற வடிவைத் தந்தன. 1869 ஆகஸ்ட் 24ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர், அடுப்பின் மேல் வைத்துச் சுடும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். மின்சார அச்சு இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் எரிவாயு அடுப்பில் சாண்ட்விச் சுடும் கைப்பிடி அச்சு, அந்த இடைக்கால இடுக்கியின் நேர் வாரிசுதான். அச்சு முறுக்கு சுடும் பாட்டியைக் கேளுங்கள். அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காய வைத்த பிறகே மாவில் தோய்க்க வேண்டும் என்பார். சூடான இரும்பைத் தொட்ட மாவு உடனே வெந்து ஓடாகிப் பற்றிக்கொள்கிறது. பின்பு எண்ணெயில் அமிழ்த்தும்போது நீராவி வெளியேறி, ஓடு இறுகிக் கழன்றுவிடுகிறது.

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். 10 செ.மீ. சதுர ரொட்டியின் ஒரு பக்கப் பரப்பு 100 ச.செ.மீ. அச்சு அதில் 1 செ.மீ. சதுரமும் அரை செ.மீ. ஆழமும் கொண்ட 16 குழிகளைப் பதிக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு குழியின் நான்கு சுவர்களும் சேர்ந்து 2 ச.செ.மீ. கூடுதல் பரப்பைத் தரும். ஆகப் பரப்பு 132 ச.செ.மீ. ஆகிறது. பழுப்பாகும் மேற்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது! இரு பக்கமும் ஒரே சமயத்தில் சூடு ஏறுவதால், வெப்பம் நடுவரை செல்ல வேண்டிய தொலைவு பாதியாகிறது. தொலைவு பாதியானால் நேரம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகும்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. நனைந்த பரப்பில் நீர் உள்ளவரை அதன் வெப்பநிலை 100° செ.-ஐத் தாண்டாது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். 10 கிராமுக்கு 5,400 கலோரி, அதாவது சுமார் 22,600 ஜூல். 750 வாட் அச்சு, வெப்பம் சிறிதும் வீணாகாமல் இதைத் தர அரை நிமிடம் ஆகும். அச்சிலிருந்து ஆவி குபுகுபுவென்று வருவது இந்தச் செலவுதான். ஆவி அடங்கிய பிறகே பழுப்பு தொடங்கும். அதற்கு முன் திறந்து பார்க்கும் அவசரக்காரருக்கு இரண்டாகக் கிழிந்த ரொட்டியே கிடைக்கும்.

அந்தப் பழுப்பை விளக்கியவர் லூயி கமீல் மயார் (1878–1936) என்னும் பிரெஞ்சு அறிஞர். உயிருடலில் புரதங்கள் எவ்வாறு உருவாகின்றன என்றே அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அமினோ அமிலங்களைச் சர்க்கரையோடு சூடாக்கியபோது கலவை பழுப்பாயிற்று. 1912இல் அதை வெளியிட்டார். சமையல் அவர் நோக்கமே அன்று. பல ஆண்டுகள் அதைப் பெரிதாகக் கவனித்தவரும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்கென உலர்த்திச் சேமித்த முட்டைத்தூள் பழுப்பாகிச் சுவை கெட்ட பிறகே இவ்வினை ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. 1953இல் அமெரிக்க வேதியியலர் ஜான் ஹாட்ஜ் அதன் படிகளை வரிசைப்படுத்தினார். மயார் அதைக் காண உயிரோடு இல்லை.

பால்கோவாவிலும் இதே வினைதான். இங்கே ஒரு வியப்பு: வினைபுரிவது நாம் அள்ளிப் போடும் கரும்புச் சர்க்கரை அன்று, பாலிலேயே ஏறத்தாழ 5 விழுக்காடு உள்ள லாக்டோஸ். அது பால் புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்கிறது. கரும்புச் சர்க்கரை சிதைந்தாலன்றி இவ்வினையில் இறங்காது.

மணமும் நிறமும் தரும் வினைக்கு வேறொரு முகமும் உண்டு. உடலுக்கு இன்றியமையாத லைசின் ஓரளவு வீணாகிறது. மேலும், வறுத்த, சுட்ட மாவுப்பண்டங்களில் அக்ரிலமைடு இருப்பதை 2002இல் சுவீடன் அறிஞர்கள் அறிவித்தனர். இதே வினையின் வழியில், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது பிறக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்குவது சோதனைகளில் தெரிந்தது. உணவில் சேரும் அளவு மனிதருக்கு அவ்வாறு செய்வதாக இதுவரை உறுதிப்படவில்லை. வேகவைத்த உணவில் அது மிக அரிது. கருகக் கருக மிகுதி. ஆகவே நம் அச்சை டோஸ்ட் பொன்னிறமானதும் திறந்துவிடலாம். ஓரம் கருகியிருந்தால் கத்தியால் சுரண்டிவிட்டுத் தட்டில் வையுங்கள்.