மலாக்காவில் ஒரு நயினா

நெல்லிக்காயைத் தெரியும். நெல்லிக்காய் பெயரில் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது தெரியுமா?

மலாய்க்காரர்கள் நெல்லிமரத்தை 'மெலாக்கா' என்பார்கள். நம்ம 'ஆமலகம்'தான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். சுமார் 1400-ம் ஆண்டு. பரமேஸ்வரா என்று ஓர் இளவரசர், ஊரை இழந்து, துரத்தப்பட்டு, ஒரு ஆற்று முகத்துவாரத்தில் வந்து நிற்கிறார். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வேட்டை நாய் ஒரு சருகுமானைத் துரத்துகிறது. முயல் அளவுகூட இல்லாத பிராணி அது. திரும்பி நின்று நாய்க்கு விட்டது ஒரு உதை! நாய் ஆற்றில் விழுந்தது. 'சருகுமானுக்கே இவ்வளவு தைரியம் வரும் மண்ணா... இங்கேயே ஊரைக் கட்டு!' என்றாராம் இளவரசர். 'சரி, இது என்ன மரம்?' என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். 'மெலாக்கா' என்றார்கள். ஊர்ப் பெயர் ரெடி.

முயலைக் கண்டு நாய் ஓடிய கதை நம்ம பக்கத்திலும் எத்தனையோ கோட்டைகளுக்கு உண்டு. ஆகவே, இதை நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஆறு நிஜம். மலாக்கா ஆறு. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இன்றைக்கு நீங்கள் போனால் படகில் ஏற்றி முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள். இரு கரையிலும் சுவர் முழுக்க ஓவியங்கள், காப்பிக் கடைகள், ராத்திரியானால் கலர் கலராக விளக்கு. 'இவ்வளவு குறுகலான ஆறா... இதற்கா அத்தனை சண்டை?' என்றுதான் முதலில் தோன்றும்.

விஷயம் ஆற்றின் அகலத்தில் இல்லை. காற்றில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில், இந்தியாவிலிருந்து கிளம்பிய கப்பலை ஒரு பருவக்காற்று கொண்டுவந்து இங்கே சேர்க்கும். சீனாவிலிருந்து வரும் கப்பலைக் கொண்டுவருவது எதிர்ப் பருவக்காற்று. திரும்பிப் போக வேண்டுமானால் காற்று மாறுகிற வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, இரண்டு உலகமும் சந்தித்துக்கொள்ள இயற்கையே போட்டுக் கொடுத்த சத்திரம் இந்த ஊர்! 84 மொழிகள் இங்கே பேசப்பட்டதாக 1512-ல் வந்து சேர்ந்த போர்ச்சுக்கீசிய மருந்து வியாபாரி டோமே பிரெஸ் எழுதி வைத்திருக்கிறார். விரல் விட்டு எண்ணினாரா என்று கேட்காதீர்கள்.

சுல்தானின் நிர்வாகம் படு கெட்டி. துறைமுகத்துக்கு ஒரு அதிகாரி அல்ல, நான்கு ஷாபந்தர்கள்! குஜராத்திகளுக்குத் தனியாக ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பர்மா ஆட்களுக்கு ஒருவர். ஜாவா, மொலுக்கஸ் பக்கத்துக்கு ஒருவர். சீனா பக்கத்துக்கு ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஆறு சுங்கம். கப்பல் வந்ததும் உள்ளூர் வியாபாரிகள் பத்து இருபது பேர் சேர்ந்து கேப்டனோடு உட்கார்ந்து மொத்த விலை பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் பெரிய தலைகள் யார் என்கிறீர்கள்? நம்ம ஆட்கள்தான். சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்துவிட்டு கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றி அனுப்பிய தமிழ் வணிகர்கள். ஊரில் அவர்களை 'கெலிங்' என்பார்கள். 'கலிங்கம்' திரிந்து வந்த சொல். அன்று அது வெறும் அடையாளம். இன்று மலேசியாவில் ஒரு தமிழரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் அது வசவு! நீங்கள் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

பணம் சேர்ந்த இடத்தில் பகை சேராமல் இருக்குமா? 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் ஒரு வழக்கைச் சொல்கிறது. ராஜா மெண்டெலியார் என்ற ஷாபந்தர்... பெயரிலேயே 'முதலியார்' கேட்கிறதல்லவா? அவருக்கும் நைனா சூர தேவனா என்ற பெரு வணிகருக்கும் தகராறு. விசாரிக்க வேண்டியவர் பெண்டஹாரா துன் முத்தாஹிர். பெண்டஹாரா என்றால் முதலமைச்சர் மாதிரி. (இவருடைய முன்னோர்களிலும் தமிழ் முஸ்லிம் ரத்தம் உண்டு என்பார்கள்.) நைனா, ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்டஹாராவுக்குத் தங்கம் கொண்டுபோய்க் கொடுத்தார். நைனாவின் உறவுக்காரன் கிடூல் என்பவன், முதலியாரிடம் கடன் வாங்கியிருந்தவன். ஓடிப்போய் 'உங்களைக் கொல்லத்தான் லஞ்சம் கைமாறியிருக்கிறது' என்று பற்றவைத்தான். கடன் தள்ளுபடி! முதலியார் பயந்துபோய், 'பெண்டஹாரா சிம்மாசனத்துக்கே குறி வைக்கிறார்' என்று கடற்படைத் தளபதி வழியாக சுல்தான் மஹ்மூதின் காதில் போட்டார். சுல்தானுக்குப் பெண்டஹாரா மீது ஏற்கெனவே வேறொரு கடுப்பு. அழகியான தன் மகள் பாத்திமாவை அவர் தனக்குக் காட்டாமல் வேறொருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாரே என்று! விசாரணை கிசாரணை எதுவும் இல்லை. துன் முத்தாஹிர் குடும்பத்து ஆண்களோடு கொல்லப்பட்டார். இது 1510 வாக்கில். உண்மை தெரிந்த பிறகு முதலியாருக்கும் கிடூலுக்கும் மரண தண்டனை. என்ன பிரயோஜனம்? அனுபவசாலியான மந்திரி போய்விட்டார்... கடலில் போர்ச்சுக்கீசியர் வந்துகொண்டிருக்கிற நேரத்தில்!

இங்கேதான் நம்ம நயினா வருகிறார். மேலே சொன்ன நைனா அல்ல, இவர் வேறு. போர்ச்சுக்கீசிய ஏடுகளில் 'நினா சாட்டு'. 'நினா' என்பது நயினா. இந்து. பெரும் வணிகர். 1509-ல் முதல் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் மலாக்காவுக்கு வந்தபோது சுல்தான் தரப்பு அவர்களை மடக்கப் பார்த்தது. கப்பல்கள் தப்பி ஓடிவிட்டன. கரையில் இருந்த இருபது பேர் அளவில் கைதிகளானார்கள். அவர்களில் ரூய் டி அராஜோ என்பவரும் ஒருவர். அந்தக் கைதிகளுக்குச் சோறும் துணியும் பணமும் ரகசியமாகக் கொடுத்துக் காப்பாற்றியவர் நயினா. 1510 பிப்ரவரியில் அராஜோ சிறையிலிருந்து, ஊரின் பலம் பலவீனம் எல்லாம் எழுதி, 'பெரிய படையோடு வாருங்கள்' என்று அல்புகர்க்குக்குக் கடிதம் அனுப்பினார். அது போய்ச் சேர வழி செய்தவரும் நயினாதான்!

இரக்கமா? வியாபாரக் கணக்கா? இரண்டும் இருந்திருக்கும் என்பது என் கட்சி. குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் சுல்தானின் அரண்மனையில் கோலோச்சிய காலம் அது. அவர்களை அசைக்க நயினாவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால், பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்தே செய்தார். அதை மறந்துவிடக் கூடாது.

அல்புகர்க் 1511-ல் கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தார். ஆயிரத்துச் சொச்சம் ஆட்கள், அதில் மலபார் வீரர்களும் உண்டு. ஊரை இரண்டாகப் பிரித்தது ஆறு. இணைத்தது ஒரே ஒரு பாலம். 'பாலம் யார் கையில் இருக்கிறதோ, மலாக்கா அவர் கையில்' என்று கணக்குப் போட்டார். ஜூலை 25 முதல் தாக்குதல். பாலத்தைப் பிடித்தும் நிலைக்க முடியவில்லை. அடுத்து ஒரு தந்திரம். பாலத்தைவிட உயரமான ஒரு ஜங்க் கப்பலில் வீரர்களையும் பீரங்கிகளையும் ஏற்றி, மணல் திட்டைத் தாண்ட நீரேற்றத்துக்குக் காத்திருந்து, நாள் கணக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பாலத்தோடு ஒட்டி நிறுத்தினார். ஆகஸ்ட்டில் ஊர் விழுந்தது. சுல்தான் ஓடினார். கொள்ளையடிக்க வீரர்களுக்கு அனுமதி உண்டு... நயினாவின் சொத்து மீது மட்டும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு!

அந்தப் பாலம் நின்ற இடத்தில்தான், ஏறக்குறைய அதே இடத்தில், இன்று சிவப்புக் கட்டடங்கள் இருக்கிற டச்சுச் சதுக்கத்தையும் ஜோங்கர் தெருவையும் இணைக்கிற சின்னப் பாலம் இருக்கிறது. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே அரை நிமிடத்தில் தாண்டிவிடுவீர்கள்.

வெற்றி பெற்றவர்கள் நன்றி மறக்கவில்லை... முதலில். நயினாவைப் பெண்டஹாரா ஆக்கினார் அல்புகர்க். இந்து வணிகர்கள் எல்லாம் அவர் பொறுப்பில். பர்மாவின் மார்த்தபானுக்கும், பிறகு சீனாவுக்கும் போர்ச்சுக்கீசியர் அனுப்பிய கப்பல்களில் அவருக்குப் பங்கு. கடல் தெரியாத கிழக்கே, புதிய எஜமானர்களுக்கு வழியும் முதலும் கொடுத்தவர் அவர்தான்.

மூன்றே வருஷம். 1514-ல் கணக்கு மாறியது. மலாய் முஸ்லிம் மக்களும் வணிகர்களும் ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்றால் தலைவராக ஒரு மலாய் ராஜா வேண்டும் என்று போர்ச்சுக்கீசிய அதிகாரிகளுக்குத் தோன்றியது. கம்பார் நாட்டு அரசர் அப்துல்லாவை அழைத்து வந்தார்கள். நயினாவிடம், 'நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்' என்றார்கள்.

நயினா வாதாடவில்லை. மேடை ஒன்று கட்டச் சொன்னார். தூண்கள் நிறுத்தி, கம்பளம் விரித்து, பூவால் அலங்கரித்த நீண்ட மேடை. அதன் ஒரு மூலையில் வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டச் சொன்னார். ஊர் கூடிவிட்டது, என்னவோ விழா என்று! தங்கச் சரிகை உடுத்தி, நகைகள் பூண்டு, வீட்டிலிருந்து தெரு வழியாக நடந்து வந்து மேடை ஏறினார். போர்ச்சுக்கீசியருக்குத் தான் செய்ததை எல்லாம் சொன்னார். கைதிகளைக் காத்ததைச் சொன்னார். மற்றவர்களுக்காக எத்தனையோ முறை உயிரைப் பணயம் வைத்தவன், தன் மானத்துக்காக வைக்க மாட்டேனா என்கிற பொருளில் பேசிவிட்டு, நெருப்பில் இறங்கிவிட்டார்.

போர்ச்சுக்கீசிய சரித்திரக்காரர்களே பதிவு செய்த சம்பவம் இது. அங்கிருந்து கதை ஐரோப்பா முழுக்கப் பரவி, 16-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு சிந்தனையாளர் மான்டெய்ன் தன் கட்டுரை ஒன்றில், மானத்துக்காக உயிர் விட்டவர்களைப் பேசும்போது இவரையும் சேர்த்தார். பிரான்ஸில் ஒரு பிரபு மாளிகைப் புத்தக அறைக்குள் நுழைந்த மலாக்கா வணிகர்! நம்ம பாடப் புத்தகம் எதிலாவது அவரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்துல்லாவுக்கும் அந்தப் பதவி ராசி இல்லை. பழைய சுல்தானோடு ரகசிய உறவு என்று கிளம்பிய வதந்தியை நம்பி, அடுத்த வருஷமே அவர் தலையைப் போர்ச்சுக்கீசியர் எடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த வரிசை. 1641-ல் டச்சுக்காரர்கள், அப்புறம் பிரிட்டிஷார். மசூதிக் கற்களையும் அரச கல்லறைக் கற்களையும் பெயர்த்து அல்புகர்க் கட்டிய 'ஆ ஃபமோஸா' கோட்டையை 1807-ல் பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சியது ஒரே ஒரு வாசல். போர்ச்சுக்கீசியக் கோட்டை என்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிற அந்த வாசலை அண்ணாந்து பாருங்கள்... மேலே டச்சுக் கம்பெனியின் சின்னம், 1670 என்று வருஷம்! முன்பு கடல் அந்த வாசல் பக்கம் வரை இருந்தது. இப்போது கடலை நிரப்பி ஷாப்பிங் மால்கள். 2006-ல் சுழலும் கோபுரம் ஒன்று கட்டத் தோண்டியபோது பழைய கொத்தளத்தின் அடித்தளம் தட்டுப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்குத் தள்ளிவிட்டு, கொத்தளத்தைத் திரும்பக் கட்டினார்கள். 2008-ல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது.

சிவப்புக் கட்டடங்களையும், பொம்மை ஒட்டிப் பாட்டு அலறவிடும் சைக்கிள் ரிக்‌ஷாக்களையும் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஒரே வரிசையாக மூன்று. பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், 1781. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் கட்டியது. அடுத்து இந்திய முஸ்லிம்கள் 1748-ல் எழுப்பிய மசூதி. அடுக்கடுக்கான கூரை, பகோடா மாதிரி கோபுரம். கொஞ்சம் தள்ளி, 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயில். மசூதியின் பெயரில் இன்னும் அந்தப் பழைய வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'கம்போங் கெலிங்'.

அங்கிருந்து காஜா பெராங் போங்கள். மலாக்கா செட்டிகள் வாழும் தெரு. சுல்தான் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம். டச்சுக்காரர் காலத்தில் வியாபாரம் கைவிட்டுப் போக, ஊருக்கு வெளியே விவசாயம் பார்க்க நகர்ந்தவர்கள். பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். பெயர்களில் பிள்ளை உண்டு, நாயக்கர் உண்டு. நெற்றியில் திருநீறு. மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்றால் அம்மை! அம்மன் மலாய் பேசுகிறாள், அவ்வளவுதான்.

போகி அன்று போக முடிந்தால் விசேஷம். அன்றைக்கு 'பர்ச்சு பொங்கல்'. செத்துப்போன தாத்தா பாட்டிகளுக்கு வாழை இலை போட்டுப் படைக்கிறார்கள். இலையில் சர்க்கரைப் பொங்கலைத் தேடாதீர்கள். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், கறி, மலாய்ப் பலகாரங்கள். முன்னோர்களுக்கு எது பிடித்ததோ அது. சாம்பிராணி காட்டிவிட்டு, வந்து சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மலாய் மொழியில்.