காலந்தாழ்த்துக் கரையேறிய ஆட்டம்

இலக்கியப் பகுதியிலே பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டுமோ என்று நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். சினங் கொள்ளுமுன் அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். தோட்டத்து வீட்டுத் திண்ணையிலும் நகரத்து அடுக்கு மாடியிலும் நம் பிள்ளைகள் கைப்பேசியை ஏந்தி ஆடும் ஆட்டங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்திற் புகழும் உண்டு, பழியும் உண்டு, விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்புகளும் உண்டு. அத்தகைய தீர்ப்பு ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். ஜப்பான் தேசத்தில் 1984-ஆம் ஆண்டிற் பிறந்த 'ஹைட்லைட்' என்னும் ஆட்டம் தன் நாட்டில் முன்னோடி எனப் பாராட்டப் பெற்றது. அதுவே 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கரையேறிய பொழுது, பிறர் பொருளைப் பார்த்துச் செய்த மட்டமான போலி என்று தூற்றப்பட்டது. இடையே ஆட்டத்தில் மாறியது சிறிது. ஆட்டத்தைச் சுற்றியிருந்த உலகமோ பெரிதும் மாறியிருந்தது.

வழக்கை விசாரிக்கு முன் ஆட்டத்தின் வகையை அறிதல் நன்று. ஆடுபவர் ஒரு வீரனின் வேடத்தை ஏற்று, பகைவரை வென்று அனுபவம் சேர்த்து, அவ்வனுபவத்தால் வலிமை வளரப் பெற்று, இறுதியில் ஒரு பெரும் பகைவனை எதிர்க்கும் ஆட்டங்கள் உள. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'விசார்ட்ரி' இவ்வகையினது. அதிற் போர் என்பது சதுரங்கத்தைப் போல் முறை வைத்து நடப்பது. ஒருவன் வெட்டுவான், மற்றவன் காத்து நிற்பான், பின்பு முறை மாறும். கைவேகத்துக்கு அங்கே வேலையில்லை. மற்றொரு புறம், காசு போட்டு ஆடும் கூடங்களில் இருந்த ஆட்டங்களோ முழுவதும் கைவேகத்தையே நம்பியவை. அவற்றில் ஆடுவோன் வளரலாம். வேடமேற்ற வீரன் வளர்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாய்ப் பிணைக்கலாம் என்ற எண்ணம் 1984-ஆம் ஆண்டில் ஜப்பானியர் சிலருக்குத் தோன்றிற்று.

அவ்வாண்டிலே மூன்று நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஹாலந்தில் பிறந்து ஜப்பானிற் குடியேறிய ஹெங்க் ராஜர்ஸ் என்பார் 'பிளாக் ஆனிக்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டு, வேடமேற்று ஆடும் முறையை அந்நாட்டுக் கணிப்பொறிப் பிரியர்களுக்குக் கற்பித்தார். வீரனின் உயிர்நிலையை எண்ணாற் காட்டாமல், நீண்டும் குறுகியும் வரும் வண்ணக் கோடாகக் காட்டியது அவர் செய்த எளிய உபகாரம். (பின்னாளில் 'டெட்ரிஸ்' ஆட்டத்தைக் கையடக்க யந்திரத்தில் ஏற்றி உலகெங்கும் பரப்பியவரும் இவரே.) அதே ஆண்டில் நாம்கோ கம்பெனியைச் சேர்ந்த மசனொபு எண்டோ 'ட்ருவாகாவின் கோபுரம்' என்பதனை ஆட்டக் கூடங்களுக்கு அளித்தார். ஆண்டின் பிற்பகுதியில் யோஷியோ கியா என்பாரின் 'டிராகன் ஸ்லேயர்' வெளிவந்தது.

எண்டோவின் கோபுரத்தைப் பற்றிச் சில வார்த்தை கூடுதலாகச் சொல்லாமற் போக மனமில்லை. பழைய பாபிலோனியக் கதைகளிலிருந்து எடுத்த கில் என்னும் வீரன் 60 தளங்கள் ஏறிச் செல்ல வேண்டும். பெரும்பாலான தளங்களில் ஏதேனுமொரு செய்கை புரிந்தாலன்றித் தோன்றாத பேழை ஒன்று மறைந்திருக்கும். அச்செய்கை யாதென்று ஆட்டம் சொல்லாது. ஓரிடத்திற் குறிப்பிட்ட பகைவரை வரிசையாக வெட்ட வேண்டும். வேறோரிடத்தில் வாசலைக் கடந்து செல்ல வேண்டும். தேவையான பேழைகளைத் தவறவிட்டவன் உச்சியை அடைந்தும் பயனில்லை. தனி மனிதன் ஒருவன் தன் சட்டைப் பையிலுள்ள காசைக் கொண்டு இதனைக் கண்டறிதல் ஆகாத காரியம். ஆகவே ஜப்பானியப் பிள்ளைகள் ஆட்டக் கூடங்களிலே குறிப்பேடுகளை வைத்து, ஒருவர் கண்டதை மற்றவருக்கு எழுதிவைத்தனர். முகமறியாத ஒருவன் எழுதிய வரியைப் படித்து, மறுநாள் வந்தவன் அடுத்த தளத்துக்கு ஏறினான். விளக்கஞ் சொல்லாத ஆட்டம் இத்தகைய தோழமையை விளைத்ததை எண்ணினால் நமக்கு வியப்பே உண்டாகிறது.

இக்கோபுரத்தையும் ராஜர்ஸின் ஆட்டத்தையும் கண்டு ஊக்கமுற்றவர் நகோயா நகரத்து டொகிஹிரோ நைட்டோ. அந்நகரில் யொகொயாமா சகோதரர் இருவர் தொடங்கிய 'டி அண்ட் ஈ சாஃப்ட்' என்னும் சிறு கம்பெனிக்காக அவர் எழுதியதே ஹைட்லைட். 1984 டிசம்பரில் பிசி-8801 முதலிய கணிப்பொறிகளுக்கு அது வெளியாயிற்று. கதை எளியது. தேவதைகளின் நாட்டு இளவரசி ஆன் என்பவளை வராலிஸ் என்னும் அரக்கன் மூன்று சிறு தேவதைகளாகப் பிரித்து மறைத்துவிட்டான். ஜிம் என்னும் வீரன் அவர்களைத் தேடிச் சேர்த்து அரக்கனை அழிக்க வேண்டும். பாட்டி சொல்லும் ஏழுகடல் தாண்டிய கதையை விட இதிற் புதுமை ஏதுமில்லை.

புதுமை இருந்தது நடையிலே. மேலிருந்து நோக்கினாற்போல் விரியும் வெளியில் வீரன் தன் விருப்பப்படி எத்திசையும் செல்லலாம். வாளை வீசுவதென்று தனிச் செய்கை இல்லை. ஒரு விசையை அழுத்தினால் அவன் தாக்கும் நிலையில் நிற்பான், விட்டால் காக்கும் நிலைக்குத் திரும்புவான். தாக்கும் நிலையில் பகைவன்மேல் மோதுவதே போர். நேருக்கு நேர் மோதினால் தனக்கும் அடி விழும். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ மோதினால் இலாபம் அதிகம். வலிமை வளராத நிலையிற் கொடிய பகைவர் திரியும் பக்கம் கால்வைத்தவன் கண்ணிமைக்கு முன் மாண்டான். எல்லாவற்றினும் மேலாக, வெளியிலே அசையாமல் நின்றால் வீரனின் உயிர்க்கோடு தானாகவே மெல்ல மெல்ல வளரும். மருந்து வேண்டாம், சத்திரம் வேண்டாம். மூச்சு வாங்க நின்றாற் போதும். 2001-இல் வந்த 'ஹேலோ'விற் கவசமும், 2005-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி'யின் இரண்டாம் ஆட்டத்தில் உயிர்நிலை முழுவதும் இவ்வாறே தானாக மீண்டதைக் கண்டு உலகம் மெச்சிற்று. அவர்கள் நைட்டோவிடமிருந்து கற்றனர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அவ்வழி பதினேழு ஆண்டுகட்கு முன்பே நகோயாவில் ஒருவர் நடந்த வழி.

ஜப்பானியக் கணிப்பொறி வாசகர்கள் இதனை ஆவலுடன் ஏற்றனர். வெவ்வேறு கணிப்பொறிகளுக்கு அது மாற்றி எழுதப்பட்டது. 1985-இல் இரண்டாம் பாகமும் 1987-இல் மூன்றாம் பாகமும் வந்தன. இதற்கிடையில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் யந்திரம் நாடெங்கும் பரவிவிட்டது. அவ்யந்திரத்துக்கு 1986 பிப்ரவரி 21-ஆம் நாள் ஷிகெரு மியாமொட்டோவும் தகாஷி டெசுகாவும் தம் குழுவினருடன் படைத்த 'செல்டா' வெளியாயிற்று. ஹைட்லைட் அதே யந்திரத்திற் புதுக்கோலம் பூண்டு வந்தது அடுத்த மாதத்தில்! முன்பே பிறந்தது பின்னே வந்து நின்றது. ஆயினும் ஜப்பானில் இதனாற் பெருங்குழப்பம் நேரவில்லை. மூத்தது எது, இளையது எது என்பது அங்குள்ளார்க்குத் தெரியும். கணிப்பொறியில் ஆடிய அண்ணன்மார் தம்பிமார்க்குச் சொல்லியிருப்பர்.

அமெரிக்கப் பிள்ளைக்கு அவ்வாறு சொல்ல அண்ணன் இல்லை. செல்டா அங்கே 1987-இல் பொன்னிற உறையில் வந்தது. ஆடிய இடத்தைத் தன்னுள்ளேயே நினைவில் வைத்துக் கொள்ளும் மின்கலமும் அதில் இருந்தது. உலகெங்கும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்ற அவ்வாட்டத்தை இரண்டாண்டு ஆடித் தேர்ந்த பிள்ளை, 1989-இல் கடையில் ஹைட்லைட் பெட்டியை வாங்கி வந்து திறந்தால் என்ன நினைப்பான்? தன் செல்டாவைப் பார்த்து யாரோ கைத்திறன் அற்றவன் வரைந்தது என்றே நினைத்தான். வாள் வீசவில்லை; வீரன் முட்டுகிறான். எங்கே போவதென்று கூறுவார் எவரும் இல்லை. ஒரே சிறு இசைத் துணுக்கு ஓயாமல் ஒலிக்கிறது. ஆட்டத்தை நிறுத்தினால் நீண்ட மறைசொல்லைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் உழைப்பெல்லாம் வீண். ஒரு தேவதையோ மரத்தினுள் ஒளிந்திருக்கிறாள். எம்மரம் என்று அறிய மரந்தோறும் முட்டித் திரிய வேண்டும், முட்டிய மரத்திலிருந்து குளவி புறப்பட்டுக் கொட்டும்.

இக்குறைகளை நாம் மறுக்கவில்லை. பெரும்பாலும் மெய்யே. காசு கொடுத்து வாங்கிய சிறுவனுக்குச் சரித்திரப் பாடம் படித்துவிட்டு மகிழ வேண்டும் என்ற கடமையும் இல்லை. அந்தக் கம்பெனி 1986-இல் செய்ததை ஏறக்குறைய அப்படியே 1989-இல் விற்றது அவன் குற்றமன்று. நாம் வழக்காடுவது 'போலி' என்ற ஒரே சொல்லின்மேல். ஆட்டம் சுவைக்கவில்லை என்பது நாவின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அது மற்றொன்றைக் களவாடியது என்பதோ நிகழ்ச்சியைப் பற்றிய கூற்று. அதற்குத் தேதி வேண்டும். தேதியைப் பாராமற் சொன்ன அச்சொல் வாய்க்கு வாய் தாவி, ஒரு நாளும் அதனை ஆடாதவர்களும் சொல்லும் வழக்காகிவிட்டது. பழைய ஆட்டங்களை எள்ளி நகையாடுவோரின் பட்டியலில் ஹைட்லைட்டுக்கு இன்றும் நிலையான ஆசனம் உண்டு.

மறுபக்கத்தாரையும் விட்டுவிடலாகாது. இளமையில் ஆடினோம் என்ற ஒரே காரணத்தால் அதன் குறைகளையெல்லாம் குணங்களாக்கிப் பேசும் முதியோர் உளர். வழி சொல்லாமை ஆழ்ந்த தத்துவமாம், குளவிக் கடி வாழ்க்கைப் பயிற்சியாம்! அந்நாளைய ஜப்பானியரே அக்கடுமையைச் சகிக்கவில்லை என்பதற்கு 1987-இல் ஃபால்கம் கம்பெனி வெளியிட்ட 'ஈஸ்' சான்று. அதிலும் முட்டுவதே போர். நின்றால் உயிர் வளர்வதும் உண்டு. ஆனால் ஊரார் வழி சொன்னார்கள், கதை தொடர்ச்சியாய் ஓடிற்று, யூசோ கொஷிரோ அமைத்த இசை காதுக்கு விருந்தாயிற்று. ஆடுவோரை வதைப்பதினின்றும் அவர்பால் அன்பு காட்டும் காலம் வந்தது என்றே அக்கம்பெனி விளம்பரமும் செய்தது. மூத்ததன் எலும்பின்மேல் இளையது சதை போர்த்தது எனலாம்.

இனி ஒரு வேடிக்கை. 2009-இல், சிறு கட்டங்களை அடுக்கினாற் போன்ற பழங்கோலத்தை வேண்டுமென்றே பூண்டு '3டி டாட் கேம் ஹீரோஸ்' வெளிவந்தது. 2013-இல் கைப்பேசிக்கென ஸ்கிப்மோர் என்னும் சிறு குழு 'ஃபேரூன்' என்பதனைச் செய்தது. சின்னஞ் சிறு உருவங்கள், மோதுவதே போர், வலிமைக்கு மிஞ்சிய பகைவனைத் தொட்டால் கேடு, புதிருக்கு விடை ஆட்டம் சொல்லாது. அன்று ஹைட்லைட்டைத் தூற்றியதற்குக் கூறிய காரணங்களிற் பாதி, இன்று இவற்றைப் போற்றுவதற்குக் கூறப்படுகின்றன. எளிமை என்கிறார்கள், ஆடுவோன் அறிவை மதிக்கும் மௌனம் என்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: புதியோர் பழையதை அப்படியே எடுக்கவில்லை. ஃபேரூன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மறைசொல்லை எழுதும் தொல்லை இல்லை. பழைய வீட்டின் வாசற்கதவை வைத்துக்கொண்டு, ஒழுகும் கூரையை மாற்றினாற் போன்றதே இவர்கள் வேலை.

இக்கட்டுரைக்காக உறவினர் வீட்டுப் பையன் ஒருவனிடம், பழைய ஹைட்லைட்டை இக்காலக் கணிப்பொறியில் ஓடச் செய்து கொடுத்தோம். ஆண்டையும் சொல்லவில்லை, புகழையும் பழியையும் சொல்லவில்லை. முதற் கால் மணியில் ஏழு முறை மாண்டான். "இதை யார் மாமா வாங்குவார்கள்?" என்று கேட்டான். எழுந்து போய்விடுவான் என்றே எண்ணினோம். தண்ணீர் குடிக்கப் போனவன் வீரனை வெளியிலே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் உயிர்க்கோடு நிறைந்திருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பகைவன் ஒருவனின் முதுகுப்புறமாக ஜிம்மை மெல்ல நடத்தத் தொடங்கினான்.