காகிதம் தடுக்கும் கதிர்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். முப்பது ஆண்டுகள் இயற்பியல் வகுப்பெடுத்தவன் வேறென்ன எழுதுவேன்? கதிரியக்கத்தின் கதையைச் சொல்கிறேன். சமன்பாடு ஒன்றும் கிடையாது, பயப்பட வேண்டாம்!

1896 பிப்ரவரிக் கடைசி. பாரிஸில் வெயிலே இல்லை. வெயில் பட்டால் யுரேனிய உப்பு எக்ஸ் கதிரை வெளிவிடுமா என்று சோதித்துக்கொண்டிருந்த ஹென்றி பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றிய போட்டோ தகட்டையும் உப்பையும் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். மார்ச் 1-ஆம் தேதி தகட்டைக் கழுவிப் பார்த்தால், உப்பின் உருவம் பளிச்சென்று விழுந்திருந்தது. வெயிலுக்கு இதில் வேலையே இல்லை. கதிர் யுரேனியத்திலிருந்தே வருகிறது! 1898-இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். 'ரேடியோ ஆக்டிவிட்டி' என்ற பெயரும் அவர்கள் வைத்ததே.

இந்தக் கதிர் ஒரே வகை அல்ல என்று 1899-இல் காட்டியவர் ரூதர்ஃபோர்டு. சுலபமாகத் தடுபடுவது ஆல்பா, அதைவிட ஊடுருவுவது பீட்டா என்றார். 1900-இல் பால் வில்லார்டு கண்ட மூன்றாவது வகைக்கு காமா என்று பெயர் வந்தது. ஆல்பா என்பது ஹீலியம் அணுக்கரு; ஒரு காகிதம் போதும், நின்றுவிடும். பீட்டா என்பது எலக்ட்ரான்; சில மில்லிமீட்டர் அலுமினியம் தடுக்கும். காமா ஒளியின் இனம். தடிமனான ஈயம் வேண்டும்.

அதே 1900-இல் மாண்ட்ரீலில் இருந்த ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து வரும் வாயுவின் கதிரியக்கம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைப் பார்த்தார். இதுதான் அரை ஆயுட்காலம். (தோரியம் நமக்கு அந்நியமில்லை. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பது அதுதான்.) எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும்போது கணக்கு தப்பாது. ரேடியத்துக்கு அது 1600 ஆண்டுகள். 3200 ஆண்டுகள் கழித்தும் காலியாகிவிடாது. கால் பங்கு மிச்சமிருக்கும்.

"மூன்றில் எது ஆபத்து குறைந்தது?" என்று வகுப்பில் கேட்டால், "ஆல்பா சார், தாளே தடுத்துடுமே" என்று பதில் வரும். கதிர் வெளியே இருக்கும்வரை அது சரி. உள்ளே போனால்?

1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், இளம்பெண்கள் கடிகார முகப்பில் ரேடியம் கலந்த ஒளிரும் வண்ணம் தீட்டினார்கள். தூரிகை நுனி கூராக இருக்க, உதட்டில் வைத்து வைத்து எடுத்தார்கள். அது தீங்கற்றது என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரேடியம் கால்சியத்தின் குடும்பம். அதனால் உடம்பு அதைக் கொண்டுபோய் எலும்பில் சேர்த்துவிட்டது. காகிதத்தைத் தாண்ட முடியாத ஆல்பா, தடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு எலும்பையும் மஜ்ஜையையும் தாக்கியது. தாடை எலும்பு அரித்தது. பல பெண்கள் இறந்தார்கள். 1925-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் காரணத்தை மருத்துவ உலகுக்குக் காட்டினார். கிரேஸ் ஃபிரையர் உட்பட ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928-இல் தலைக்கு 10,000 டாலரும் ஆண்டுக்கு 600 டாலரும் தருவதாகச் சமரசம் ஆனது. போன உடம்பு திரும்புமா?

மேரி கியூரியும் 1934-இல் ரத்தம் ஊறாத நோயால் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது.

தம்பி, தங்கைகளே! பாடத்தில் வரும் "ஊடுருவும் திறன்" என்பது வேறு, "தீங்கு" என்பது வேறு. கதிர் எந்த வகை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்றும் கேளுங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல, நாளை நீங்கள் ஓர் ஆய்வகத்துக்கோ தொழிற்சாலைக்கோ பொறுப்பேற்கும்போது, உங்களை நம்பி வேலை செய்பவர்களுக்காக.

வாழ்க நம் கல்லூரி!