மனிதர் அகற்றப்பட்ட தீவுகள்: சாகோஸும் வல்லரசுகளின் புவியியலும்

உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவர்களுக்கு மானிடப் புவியியலின் முதற் பாடம் நினைவிருக்கும். மனிதர் எங்கே குடியேறுகிறார்கள், ஏன் இடம்பெயர்கிறார்கள் என்பதற்கு நீர், மண், காலநிலை, தொழில், சந்தை என்று காரணிகளை வரிசைப்படுத்தி மனனம் செய்தோம். அந்தப் பட்டியலில் வராத காரணி ஒன்று உண்டு: வல்லரசின் தேவை. ஒரு வல்லரசுக்கு ஓரிடம் வேண்டுமென்றால், அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை ஆவணங்களிலிருந்தும் பிறகு நிலத்திலிருந்தும் அழித்துவிட முடியும். இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தென்மேற்கே, நம்மட இந்து சமுத்திரத்திலேயே அது இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டமும் அதன் மிகப் பெரிய தீவான டியகோ கார்சியாவும்தான் அந்த உதாரணம்.

தென்னையோடு வந்த சமூகம்

சாகோஸ் மக்களின் தோற்றமே அன்றைய உலகச் சந்தையின் விளைவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் இத்தீவுகளில் தென்னந்தோட்டங்களை உருவாக்கினர். அவற்றில் வேலை செய்ய மடகஸ்காரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தனர். 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையோடு மொரிசியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரித்தானியர் கைக்குப் போயின. 1835இல் மொரிசியஸில் அடிமை முறை ஒழிந்த பின்னர் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். இந்தக் கலப்பிலிருந்து தனக்கென ஒரு கிரியோல் பேச்சும் பாட்டும் சமையலும் கொண்ட ஒரு சமூகம் உருவாயிற்று. கொப்பரா காயவைத்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், மீன் பிடித்தார்கள், தேவாலயம் கட்டினார்கள், இறந்தவர்களை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஐந்தாறு தலைமுறைகள் இப்படியே கழிந்தன. பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊராகிவிட்டது.

வரைபடத்தில் ஒரு கோடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றன. அந்நியப் படைத்தளங்களுக்கு இருந்த இடம் சுருங்கிற்று. நமது நாட்டிலும் 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து மீளப் பெறப்பட்டன. பிரித்தானியர் மாலைதீவின் தென்கோடியிலுள்ள கன் தீவுக்குப் போய் அங்கு விமானத் தளம் அமைத்தனர். கன் தீவு முஸ்லிம்கள் தங்கள் வீடுகளை விட்டு அயல் தீவான பேதூவுக்கு மாற வேண்டியதாயிற்று. நாம் தளத்தை மீட்டெடுத்ததை வெற்றியாகக் கொண்டாடினோம். அதன் சுமை வேறொரு தீவின் தலையில் இறங்கியதை அன்று எத்தனை பேர் கவனித்தோம்?

இதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் திட்டமிடலாளரான ஸ்டுவர்ட் பார்பர் ஒரு யோசனையை முன்வைத்தார். சுதந்திர இயக்கங்களால் தொந்தரவு வராத, மக்கள் தொகை மிகக் குறைந்த சிறு தீவுகளை முன்கூட்டியே கைப்பற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. டியகோ கார்சியா அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

1965 நவம்பர் 8ஆம் திகதி பிரித்தானியா சாகோஸை மொரிசியஸிலிருந்து பிரித்து, 'பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம்' என்ற புதிய குடியேற்றத்தை உருவாக்கியது. சுதந்திரத்துக்குக் காத்திருந்த மொரிசியஸுக்கு இதற்காக 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. 1966 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவுடன் 50 ஆண்டுகால ஏற்பாடு கைச்சாத்தாயிற்று. பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணை முறைமைக்கான கொடுப்பனவில் 1 கோடி 40 இலட்சம் டொலர் விட்டுக்கொடுப்பு இரகசியமாக வழங்கப்பட்டது. மனிதர் வாழும் நிலத்துக்கு ஏவுகணைக் கணக்கில் விலை பேசப்பட்டது.

அடுத்த தடை அங்கிருந்த மக்கள். நிரந்தரக் குடிகள் என்று ஏற்றுக்கொண்டால் ஐக்கிய நாடுகள் சாசனத்தின்படி அவர்களுக்குக் கடமைகள் உண்டு. ஆகவே, அவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள், வந்துபோகிறவர்கள் என்று எழுத முடிவாயிற்று. ஐந்தாறு தலைமுறையாக வாழ்ந்தவர்களை ஒரு சொல் 'தற்காலிகமானவர்கள்' ஆக்கிவிட்டது. மக்கள் தொகைப் புவியியலில் வகைப்பாடு எவ்வளவு வலிமையான ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வெளியேற்றம்

முதலில் சத்தமில்லாமல்தான் தொடங்கியது. வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரிசியஸ் போனவர்கள், திரும்புவதற்குத் துறைமுகத்துக்கு வந்தபோது, இனி அங்கு கப்பல் இல்லை, உங்கட தீவு விற்கப்பட்டுவிட்டது என்று சொல்லப்பட்டார்கள். பிறகு தீவுகளுக்குப் போகும் உணவும் மருந்தும் குறைந்தன. 1971இல் டியகோ கார்சியாவில் தளக் கட்டுமானம் தொடங்கியதும் எஞ்சியவர்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய வளர்ப்பு நாய்கள் பிடிக்கப்பட்டு, கொப்பரா காயவைக்கும் கொட்டிலில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டன. தூரத் தீவுகளில் இருந்தவர்களும் 1973இல் அகற்றப்பட்டனர். ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினர் இவ்வாறு ஊரிழந்தனர்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அல்டாப்ரா தீவிலும் தளம் அமைக்கத் திட்டமிருந்தது. அங்கு வாழும் இராட்சத ஆமைகளுக்காக விஞ்ஞானிகள் குரல் எழுப்பினர். செலவுக் குறைப்பும் சேர்ந்துகொள்ள 1967இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகளுக்குப் பேச ஆளிருந்தது நல்லதே. சாகோஸ் மனிதருக்குப் பேச யாரும் இருக்கவில்லை.

போர்ட் லூயிஸின் சேரிகளிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டவர்களுக்குத் தென்னையும் மீனும் தவிர வேறு தொழில் தெரியாது. வேலையின்மை, கடன், குடி, நோய் என்று வாழ்க்கை சிதைந்தது. ஊரை நினைத்து வரும் ஆழ்ந்த துக்கத்தை அவர்கள் 'சாக்ரென்' என்கிறார்கள். அதனாலேயே இறந்துபோனவர்கள் உண்டு என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஊர் ஊர் என்று ஏங்கியே மௌத்தான நம்மட மூத்தவர்களை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

தளமும் உலகச் சந்தையும்

வெறுமையாக்கப்பட்ட தீவிலிருந்து எழுந்த குண்டுவீச்சு விமானங்கள் 1991இல் ஈராக்குக்கும், 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும், 2003இல் மீண்டும் ஈராக்குக்கும் பறந்தன. 2002இல் கைதிகளை இரகசியமாகக் கொண்டுசென்ற இரு அமெரிக்க விமானங்கள் அங்கு தரித்துச் சென்றதை 2008இல் பிரித்தானிய அரசு ஒப்புக்கொண்டது. ஒரு சிறு சமூகம் ஊரிழந்ததன் விளைவு பக்தாதிலும் காபூலிலும் வீடிழந்தவர்கள்வரை நீண்டது.

தளத்தில் சமைக்கவும் கழுவவும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மொரிசியஸிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சொந்தக்காரருக்குக் கதவடைத்த தீவு, தூரத்துக் கூலிக்குத் திறந்துகொண்டது. மறுபக்கம், 2002இல் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்ததும் சாகோஸ் மக்கள் பலர் இலண்டனுக்குத் தெற்கே, கட்விக் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள குரோலி நகரில் குடியேறினர். அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் பயணிகள் விமானத்தில் ஏறி இன்னொரு புலம்பெயர்வைத் தொடங்கினார்கள். உலகமயமாக்கல் எல்லோரையும் நகர்த்துகிறது. ஆனால் யார் விரும்பி நகர்கிறார், யார் நகர்த்தப்படுகிறார் என்ற வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது.

நீதியும் நமது பங்கும்

ஒலிவியே பான்குல்ட் தலைமையில் தொடுத்த வழக்கில் 2000இல் இலண்டன் உயர் நீதிமன்றம் சாகோஸ் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2004இல் முடிக்குரிய ஆணையால் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அந்த ஆணையை ஏற்றது. 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தெடுத்தது சட்டத்துக்கு மாறானது என 13க்கு 1 என்ற வாக்கில் அபிப்பிராயம் வழங்கியது. 2025 மே மாதம் கைச்சாத்தான உடன்படிக்கை தீவுகளின் இறைமை மொரிசியஸுக்குரியது என்கிறது. ஆனால் டியகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குத் தளமாகவே நீடிக்கும். மீள்குடியேற்றம் பற்றிய பேச்சு ஏனைய தீவுகளுக்கு மட்டுமே. தங்களைக் கேளாமலேயே இரு அரசுகளும் முடிவெடுத்துவிட்டன என்று சாகோஸ் மக்களில் பலர் மனம் நொந்தனர்.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. டியகோ கார்சியா வெறுமையாக்கப்பட்ட அதே 1971இல், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரேரணையை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றது. டிசம்பர் 16ஆம் திகதி 61 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பின்றி அது நிறைவேறியது. 55 நாடுகள் வாக்களிக்கவில்லை. தீர்மானம் காகிதத்தில் நின்றது. ஓடுபாதை தீவில் நீண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஒக்டோபரில், கனடாவை நோக்கிப் படகேறிய இலங்கைத் தமிழர்கள் கடலில் தத்தளித்து அதே தீவில் கரைசேர்ந்தனர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பலர் அங்கு கூடாரங்களில் அடைபட்டிருந்தனர். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் அப்பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

99 ஆண்டுகள் என்ற கணக்கு நமக்கும் புதிதில்லை. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனமொன்றுக்கு இதே கால எல்லையில் குத்தகைக்குப் போனது. தங்கள் காணி பறிபோகும் என்று அஞ்சிய கிராமத்தவர்கள் அவ்வாண்டு ஜனவரியில் வீதிக்கு இறங்கினார்கள். இரண்டு விவகாரமும் ஒன்றல்ல. அம்பாந்தோட்டையில் ஒரு சமூகம் முழுவதையும் கப்பலில் ஏற்றிவிடவில்லை. ஆயினும் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. வரைபடத்தை விரித்து வைத்துப் பெரியவர்கள் பேசும்போது, அந்தக் கோட்டுக்குள் வாழ்கிறவர்கள் எங்கே எழுதப்படுகிறார்கள்? சாகோஸ் மக்களை எவரும் முதலில் கப்பலில் ஏற்றவில்லை. முதலில் பதிவேட்டில் அவர்களின் பெயரை மாற்றினார்கள். கப்பல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே சிறிய சமூகங்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும், காணி உறுதிகளையும், பள்ளிவாசல் பதிவுகளையும், மையவாடிகளையும் பேணி எழுதி வைப்பது வெறும் பழம்பெருமை பேசும் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 'இங்கே யாரும் இருக்கவில்லை' என்று நாளை ஒருவர் எழுத முற்பட்டால், அவருக்குக் காட்ட நம் கையில் இருக்கும் பதில் அதுதான்.