நீராவி இஸ்திரிப் பெட்டியில் ஆவி நின்றுபோதல்

நீராவி இஸ்திரிப் பெட்டி என்பது தொட்டித் தண்ணீரைச் சூடான அடித்தகட்டில் சொட்டவிட்டு ஆவியாக்கி, தகட்டுத் துளைகள் வழியே துணிமீது செலுத்தும் மின்கருவி. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882இல் காப்புரிமை பெற்றார். ஆவி விடும் பெட்டிகள் 1920களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. பெட்டி சூடாகிறது, துணியும் தேய்கிறது, ஆவி மட்டும் வரவில்லை என்பதே இக்கருவியைப் பற்றி அடிக்கடி எழும் புகார். பெரும்பாலும் இது மின்கோளாறு அல்ல, தண்ணீர்க் கோளாறு.

அமைப்பு

மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே அலுமினிய வார்ப்பாலான அடித்தகடு. வெப்பக்கம்பி அந்த வார்ப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அதன்மேல் மூடி போட்ட ஆழமில்லாத குழிதான் ஆவி அறை. ஆவிக் குமிழைத் திருப்பினால் ஓர் ஊசி மேலெழுந்து, தொட்டியின் அடியிலுள்ள நுண்துளையைத் திறக்கும். தண்ணீர் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக ஆவி அறையில் விழுந்து, ஏறத்தாழ 1,600 மடங்கு பருமனுள்ள ஆவியாகப் பெருகி, துளைகளால் வெளியேறும். இந்தப் பாதையில் பம்பு கிடையாது. ஆகவே பெட்டியை நிமிர்த்தி வைத்தால் சொட்டு நிற்கும், ஆவியும் நிற்கும். இதையே பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்களும் உண்டு.

குபீரென ஆவி விடும் பொத்தானுக்குத் தனிப் பாதை. அதை அழுத்தும்போது ஒரு சிறு கைப்பம்பு தண்ணீரை உறிஞ்சி ஆவி அறைக்குள் பீய்ச்சும்.

பழுது எங்கே?

இந்த இரட்டைப் பாதையைக் கொண்டே பழுதின் இடத்தைப் பிடித்துவிடலாம். பொத்தானுக்கு ஆவி வருகிறது, தொடர் ஆவி வரவில்லை என்றால் ஊசித்துளை அடைத்திருக்கிறது. தொடர் ஆவி வந்து பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் பம்பில் காற்று புகுந்திருக்கலாம். விடாமல் பலமுறை அழுத்தினால் தண்ணீர் ஏறிவிடும். இரண்டுமே வராவிட்டால் முதலில் சூட்டையும் பிறகு ஆவி அறையையும் சந்தேகிக்க வேண்டும். காதும் உதவும். குமிழைத் திருப்பியதும் உள்ளே ‘சுர்’ரென்று கேட்டும் ஆவி வெளியே வராவிட்டால் அடைப்பு துளைகளில் இருக்கிறது. ஓசையே இல்லையென்றால் தண்ணீர் கீழே இறங்கவில்லை.

துளைகளை அடைப்பதில் தாதுப்படிவோடு கஞ்சிக்கும் பங்குண்டு. மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட வேட்டி சேலைகளைத் தேய்க்கும்போது மாவு தகட்டில் ஒட்டிக் கருகி, துளை வாயில் பழுப்பு வளையமாகப் படியும். ஊக்கை விட்டுக் குடைந்தால் தகட்டின் பூச்சு கீறிப்போகும். ஆறிய பெட்டியில் ஈரத் துணியும் மரப் பல்குச்சியும் போதும்.

சூடு

துணி லேபிள்களில் ஒரு புள்ளி சுமார் 110, இரண்டு சுமார் 150, மூன்று சுமார் 200 பாகை செல்சியஸைக் குறிக்கும். பல பெட்டிகளில் சூடு போதாதபோது ஊசித்துளையை மூடிவிடும் ‘சொட்டுத் தடுப்பு’ உண்டு. பட்டுக்கோ நைலானுக்கோ சூட்டைக் குறைத்து வைத்திருந்தால் ஆவி வராதது பழுதல்ல, கருவியின் ஒழுங்கு. குமிழை ஆவிக் குறியிட்ட பகுதிக்குத் திருப்பி, விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்னழுத்தக் குறைவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 20 கிராம் ஆவி உண்டாக்கவே சுமார் 850 வாட் தேவை. 230 வோல்ட்டில் 1,200 வாட் தரும் பெட்டி 180 வோல்ட்டில் 735 வாட்தான் தரும். ஆவி மெலிந்து, சமயத்தில் தண்ணீராகவே சொட்டும். அப்போது பெட்டியைக் குறைசொல்லிப் பயனில்லை.

படிவு

கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிகின்றன. கெட்டிலில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடலாம்; இங்கே ஒவ்வொரு துளியும் வற்றிவிடுவதால் உப்பில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை போகலாம் என்றும் கூறுகிறது. 600 உள்ள போர் தண்ணீரை 200 மில்லி தொட்டியில் வாரம் இருமுறை ஊற்றினால், கணக்குப்படி ஆண்டுக்கு 12 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. நுண்துளை அடைபட அதில் ஒரு துணுக்கு போதும்.

கொதிக்கவைத்து வடிகட்டுவது தற்காலிகக் கடினத்தன்மையை மட்டுமே குறைக்கும். வீட்டு ‘சாஃப்ட்னர்’ கால்சியத்துக்குப் பதில் சோடியத்தை மாற்றிவைக்கிறது; உப்பின் அளவு குறைவதில்லை. ஆர்ஓ நீர் நல்லது. வாசனைத் திரவியம், கஞ்சி, துணி மென்மையாக்கி எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

சுத்தம் செய்தல்

‘செல்ஃப் கிளீன்’ வசதி இருந்தால் அதுவே முதல் வழி. தொட்டியை நிரப்பி, உச்ச சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழுவுதொட்டியின்மேல் கிடையாகப் பிடித்துப் பொத்தானை அழுத்தி ஆட்ட வேண்டும். கொதிநீரோடு வெண்செதில்கள் கொட்டும். கையைத் தள்ளிப் பிடிப்பது அவசியம். செதில் வருவது நிற்கும்வரை திரும்பச் செய்து, இறுதியில் பழந்துணியில் தேய்க்கலாம். சில பெட்டிகளில் ஆவிக் குமிழை ஊசியோடு வெளியே உருவலாம். நுனியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் படிவை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் நுரைத்துக் கரையும்.

வினிகரைத் தொட்டியில் ஊற்றச் சொல்பவர்கள் பலர். அது படிவைக் கரைப்பது உண்மை. ஆனால் அதிசூட்டுத் தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்துமுத்தாக உருண்டோடுவதுபோல ஆவி அறையில் நடக்காதிருக்க, பல பெட்டிகளில் உட்பூச்சு ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அமிலம் அதையும் ரப்பர் அடைப்புகளையும் அரிக்கக்கூடும். கையேடு அனுமதிக்காதவரை தவிர்ப்பதே சரி.

கடைக்குப் போகவேண்டிய நிலை

உச்சத்தில் வைத்தும் சூடு ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். பெட்டி முற்றிலும் செத்துப்போனால் வெப்ப ஃபியூஸ் உருகியிருக்கக்கூடும். அதை நீக்கிவிட்டு ‘டைரக்ட்’ கொடுப்பது சில கடைகளில் வழக்கம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும் நாளில் தீயைத் தடுக்க வேறெதுவும் இராது. அதே அளவுள்ள புதிய ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால் வேறு பெட்டி வாங்கிவிடுங்கள்.